ஒளியும் உடைமையும்: தோல் நிணநீர்க்கலப் புற்றுநோயின் ஒளிச்சிகிச்சை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

புற்றுநோய் பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துக்களைத் தொகுத்து நோக்குமிடத்து, அவற்றுள் இரு போக்குகள் மேலோங்கி நிற்பதைக் காணலாம். ஒன்று, நோயை விதியாகவும் கூற்றாகவும் வருணித்து வாசகரை அச்சத்தில் ஆழ்த்துவது. மற்றது, எங்கோ ஓர் ஆய்வுகூடத்திலே மேதை ஒருவர் கண்டுபிடித்த அற்புத மருந்து நாளையே நோயை ஒழித்துவிடும் என்று ஆறுதல் கூறுவது. மேலோட்டமாகப் பார்க்கும்பொழுது முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு போக்குகளும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. நோயையும் மருந்தையும் மனிதரின் சமூக வாழ்விலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பிரித்தெடுத்து நோக்குதலே அவ்வடிப்படையாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகவும் வரையறுக்கப்பட்டது. தோலிலே தோன்றும் நிணநீர்க்கலப் புற்றுநோய் என்னும் அரிய நோயையும், ஒளியைக் கொண்டு அதற்கு அளிக்கப்படும் சிகிச்சைகள் உருவாகி வந்த வரலாற்றையும் விளக்குவதே நமது நோக்கம். இலக்கிய ஆய்வாளராகிய நாம் மருத்துவத்துறைப் பொருளொன்றைக் கையாள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். விஞ்ஞானத்தின் வரலாற்றைச் சமூக வரலாற்றின் ஒரு கூறாக ஆராயும் மரபினை ஜே. டி. பேர்னால் முதலியோர் வகுத்துத் தந்துள்ளனர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கலாம் என்பதை, மானிப்பாயிலிருந்து பணியாற்றிய சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார். ஆகவே இவ்வகைப் பொருள்களைத் தமிழில் எழுதுவதற்கும், அவற்றைச் சமூகவியல் நோக்கிற் பரிசீலிப்பதற்கும் முன்மாதிரிகள் நமக்கு உண்டு.

சூரிய ஒளி எல்லோர்க்கும் பொதுவானது என்பது பழகிப்போன கூற்று. அவ்வொளி எத்தகைய நிலைமைகளிலே மருந்தாக மாறுகின்றது, மருந்தாக மாறிய ஒளி யாரைச் சென்றடைகின்றது என்னும் இரு வினாக்களையும் முன்வைத்தே நாம் இவ்வரலாற்றை அணுகுகின்றோம்.

2. நோயும் பெயரும்

குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் உலாவி, உடலை நோய்க்கிருமிகளிலிருந்து காக்கும் நிணநீர்க்கலங்களிலே ரி-கலங்கள் எனப்படுவன ஒருவகையாகும். இவற்றுட் சில இயல்பாகவே தோலைத் தம் காவற் பிரதேசமாகக் கொண்டவை. இவ்வாறு தோலை நாடும் ரி-கலம் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகத் தொடங்கும்பொழுது தோல் நிணநீர்க்கலப் புற்றுநோய் தோன்றுகின்றது. தோலின் சொந்தக் கலங்களிலிருந்து எழும் ஏனைய தோற்புற்றுகளிலிருந்து இது வேறுபட்டது. காவலரே கலகக்காரராகும் நோய் இது எனலாம்.

இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதை முதன்முதலில் விவரித்தவர் பாரிஸ் நகரத்துச் சென் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த ஜோன் லூயி அலிபேர் என்ற மருத்துவராவார். 1806ஆம் ஆண்டிலே தம்மிடம் வந்த நோயாளி ஒருவரின் உடலெங்கும் காளான்களைப் போன்ற கட்டிகள் முளைத்திருப்பதை அவர் கண்டார். பின்னர் அந்நோய்க்கு ‘மைக்கோசிஸ் பங்கோயிடிஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது. காளானுக்கும் இந்நோய்க்கும் உருவ ஒற்றுமையைத் தவிர யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அப்பெயரே வழங்கி வருகின்றது.

இப்பெயர் தற்செயலாக எழுந்ததன்று. தாவரங்களை இனம், குடும்பம், சாதி எனப் பாகுபடுத்திய விஞ்ஞானமே அக்காலத்திற் பிற அறிவுத்துறைகளுக்கும் முன்மாதிரியாக விளங்கியது. தோல் நோய்கள் யாவற்றையும் கிளைகளும் இலைகளும் கொண்ட ஒரு மரமாக அலிபேர் 1829இல் வரைந்து காட்டினார். நுணுக்குக்காட்டி மருத்துவரின் அன்றாடக் கருவியாவதற்கு முற்பட்ட காலமாதலின், கண்ணுக்குப் புலப்பட்ட புறத்தோற்றமே நோய்க்குப் பெயராயிற்று. இன்னுமொன்றையும் இங்குக் கருதுதல் வேண்டும். சென் லூயி மருத்துவமனை 1607இலே கொள்ளை நோயாளரை நகரினின்று ஒதுக்கி வைப்பதற்காக நிறுவப்பட்டது. பின்னரும் அது பெரும்பாலும் ஏழைகளின் புகலிடமாகவே இருந்தது. அங்கே திரண்ட வறியவரின் உடல்களைக் கூர்ந்து நோக்கியதன் பேறாகவே தோல் மருத்துவம் என்ற தனித்துறை பிரான்சிலே வளர்ந்தது. அவ்வறிவினாற் புகழ்பெற்ற அலிபேரோ பதினெட்டாம் லூயி மன்னரின் மருத்துவராகவும் பிரபுவாகவும் உயர்வு பெற்றார்.

1870இல் ஏர்னெஸ்ட் பசான் இந்நோய் மூன்று படிகளிலே முன்னேறுவதை எடுத்துக்காட்டினார். முதலிலே தட்டையான, மெல்லிய செதிலுடைய தேமல் போன்ற பகுதிகள், அடுத்துத் தடித்த படைகள், இறுதியிற் கட்டிகள். 1938இல் அல்பேர் செசாரி, உடல் முழுவதும் சிவந்து அரிப்பெடுக்கும் நோயாளரின் குருதியிலே விகாரமான உட்கருவுடைய பெருங்கலங்களைக் கண்டார். வெவ்வேறானவை எனக் கருதப்பட்டு வந்த இந்நிலைகள் யாவும் ரி-கலங்களிலிருந்தே எழுவன என்பது தெளிவானபொழுது, 1975ஆம் ஆண்டளவில் ‘தோல் ரி-கல நிணநீர்ப்புற்று’ என்ற பொதுப்பெயர் வழக்கிற்கு வந்தது. புறத்தோற்றத்திலிருந்து சாராம்சத்திற்குச் செல்லும் அறிவின் பயணத்திற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்நோய் அரியது. ஐக்கிய அமெரிக்காவிலே பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ ஆறு பேர் என்ற விகிதத்திற் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். தொடக்க நிலையில் இது மிக மெதுவாகவே முன்னேறும். தோலின் சிறு பகுதியை மட்டும் பற்றிய நிலையில் உள்ளோர் பெரும்பாலும் ஏனையோரைப் போலவே நீண்டகாலம் வாழ்கின்றனர். இந்நிலையிலேயே ஒளிச்சிகிச்சை மிகுந்த பயன் தருகின்றது. தேமல்கள் முதலிற் பெரும்பாலும் தொடை, இடுப்பு, மார்பு முதலிய வெயில் படாத பகுதிகளிலேயே தோன்றுவதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. ஒளி மருந்தாதல்

ஒளியை நவீன மருத்துவத்தின் கருவியாக்கிய பெருமை நீல்ஸ் பின்சென் என்ற டேனிய மருத்துவரைச் சாரும். 1860இற் பரோத் தீவுகளிற் பிறந்த அவர், 1890களின் நடுப்பகுதியிலே தோற் காசநோய்க்குச் செறிவாக்கப்பட்ட ஒளியைக் கொண்டு சிகிச்சையளிக்கத் தொடங்கினார். காசநோய் நெருக்கமான குடியிருப்புக்களிலும் போசாக்கின்மையிலும் செழித்த வறுமையின் நோய். அது முகத்தைப் பற்றும்பொழுது மூக்கும் கன்னமும் அரிக்கப்பட்டு, நோயாளர் தொழிலையும் உறவையும் இழந்து ஒதுங்கி வாழ நேரிட்டது. 1896இலே கோப்பன்கேகனிற் பின்சென் நிறுவிய ஒளி மருத்துவ நிலையத்திற்கு அத்தகையோர் திரண்டு வந்தனர். 1903இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர் காலமானார்.

பின்செனின் சிகிச்சை முறையைச் சற்று உற்று நோக்குவோமாயின் அதன் சமூகத் தன்மை புலப்படும். கரிவில் விளக்கு, மின்சாரம், படிகக்கல் வில்லைகள், வெப்பத்தைத் தணிக்கும் நீரோட்டம் ஆகிய யாவும் அதற்கு வேண்டியிருந்தன. ஒவ்வொரு நோயாளரின் அருகிலும் தாதி ஒருவர் அமர்ந்து, குருதியோட்டம் ஒளியைத் தடுக்காதவண்ணம் வில்லையைத் தோலின் மீது நீண்டநேரம் அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆகவே சூரியனிலிருந்து இலவசமாகக் கிடைத்த ஒன்று, கைத்தொழில் வளர்ச்சியும் பெயரறியாத பெண்களின் உழைப்பும் சேர்ந்தபொழுதே மருந்தாயிற்று. நோபல் பரிசின் வரலாற்றிலே அத்தாதியரின் கைகளுக்கு இடமில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் ஜேர்மனியின் மியூனிச் நகரிலே இன்னொரு பாதை திறந்தது. ஹேர்மன் பொன் தப்பைனரின் ஆய்வுகூடத்திற் பயின்ற ஒஸ்கார் றாப் என்ற மாணவர், அக்கிரிடின் என்ற சாயப்பொருள் பரமேசியம் என்னும் நுண்ணுயிர்மீது ஏற்படுத்தும் விளைவினை 1897–98இல் ஆராய்ந்தார். ஒரே அளவான சாயக் கரைசல் ஒரு வேளையில் நுண்ணுயிர்களை விரைவிற் கொன்றது. இன்னொரு வேளையில் நெடுநேரம் விட்டுவைத்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அறையிலே விழுந்த வெளிச்சத்தின் வேறுபாடே எனக் கண்டறியப்பட்டது. அவ்வெளிச்சம் தனித்து நின்று அவற்றைக் கொல்லவில்லை. இருளிலே சாயமும் அவ்வளவாகக் கொல்லவில்லை. இரண்டும் கூடியபொழுதே நச்சுத்தன்மை பிறந்தது. இதற்கு ஒட்சிசனும் இன்றியமையாதது எனப் பின்னர் தெளிவாயிற்று. ஒளியை உறிஞ்சிய சாயம் அச்சக்தியை ஒட்சிசனுக்கு மாற்ற, ஊக்கம்பெற்ற ஒட்சிசன் கலத்தின் உள்ளமைப்புகளைச் சிதைக்கின்றது. 1903இலேயே தப்பைனரும் தோல் மருத்துவர் யேசியோனெக்கும் இயோசின் என்ற சாயத்தைத் தோற் கட்டிகளிலே பூசி ஒளிபாய்ச்சி முயன்று பார்த்தனர். ஜேர்மனியின் இரசாயனக் கைத்தொழில் நெசவாலைகளுக்கெனச் செயற்கைச் சாயங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்த காலம் அது. ஆலைக்கென உற்பத்தியான பொருள்கள் ஆய்வுகூடத்தை அடைந்தமையாலேயே இக்கண்டுபிடிப்பும் இயல்வதாயிற்று.

4. விதையும் குளிசையும்

தோல் நிணநீர்ப்புற்றின் ஒளிச்சிகிச்சைக்கு அடிகோலிய பொருள் சோராலென் என்னும் தாவர இரசாயனமாகும். இதன் வரலாறு ஐரோப்பாவிற்கு வெளியே தொடங்குகின்றது. நைல் நதிக் கரையில் வளரும் அம்மி மேஜஸ் என்ற செடியின் விதையை உட்கொண்டு வெயிலிலே நின்றால் வெண்படையின் மீது நிறம் திரும்பும் என்பதை வட ஆபிரிக்க மக்கள் அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு அல்-பைத்தாரின் மருந்து நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இந்திய உபகண்டத்திலே இதே வகை இரசாயனத்தைக் கொண்ட கார்போகரிசி வெண்படைக்கும் பிற தோல் நோய்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. நமது சித்த மருத்துவரும் அதனை நன்கறிவர்.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்திலே, நம்மவர் அனைத்தையும் அன்றே அறிந்திருந்தனர் என்று முழங்க முற்படுவதுண்டு. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. விதை, வெயில், விளைவு ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பை அனுபவத்தால் அறிந்த உழைக்கும் மக்களின் அறிவு உண்மையானது, மதிக்கத்தக்கது. அவ்வறிவிற்கு அளவும் பொறிமுறையும் புலப்படவில்லை. புற்றுநோயோடு அதற்கு யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. அனுபவ அறிவைக் கருவாகக் கொண்டு, அதனை அளவிடத்தக்கதாக்கிய பிற்கால உழைப்பே அதைச் சிகிச்சையாக மாற்றியது. மேலை விஞ்ஞானம் அனைத்தையும் வெறுமையிலிருந்து படைத்தது என்ற மறுதலைக் கூற்றும் இதே காரணத்தால் ஏற்கத்தக்கதன்று.

1947இலே கெய்ரோவில் எகிப்திய இரசாயனவியலாளர் அவ்விதையிலிருந்து செயற்படு பொருள்களைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டளவில் அப்தெல் மொனெயிம் எல் மொப்தி என்ற மருத்துவர் அவற்றை வெண்படை நோயாளரிடம் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டார். 1950களில் இவ்வறிவு ஐக்கிய அமெரிக்காவை அடைந்தது. 1974இல், ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரிஷ், பிற்ஸ்பற்றிக் ஆகியோரும், இந்தியாவிற் பிறந்த மதுகர் பதக் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும், எட்டு-மெதொக்சிசோராலென் என்ற குளிசையை உட்கொள்ளச்செய்து, நீண்ட அலைநீளமுடைய ஊதாக்கடந்த கதிரைப் பாய்ச்சுவதன் மூலம் சொரியாசிஸ் நோயைக் கட்டுப்படுத்தலாம் என நிறுவினர். ஈராண்டுகளின் பின்னர், 1976இல், பாபரா கில்கிறெஸ்ற்றும் அதே குழுவினரும் இம்முறையைத் தோல் நிணநீர்ப்புற்றிற் பயன்படுத்தி நோய்ப்பகுதிகள் மறைவதைக் காட்டினர்.

இச்சிகிச்சை செயற்படும் விதம் எளிதில் விளங்கத்தக்கது. உட்கொண்ட சோராலென் குருதிவழி தோலை அடைந்து, கலங்களின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளுக்கிடையே சென்று அமர்கின்றது. ஒளி படாதவரை அது பெரிதும் வாளாவிருக்கும். 320 முதல் 400 வரையான நனோமீற்றர் அலைநீளமுடைய கதிர் பட்டதும் அது இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுகின்றது. பிணைக்கப்பட்ட இழைகள் பிரிய இயலாமையாற் கலம் பெருக்கமடையாது அழிகின்றது. நோயுற்ற ரி-கலங்கள் இவ்வழிவிற்கு எளிதில் உள்ளாகின்றன. அதிலும் குறுகிய கதிர்கள் பெரும்பாலும் மேற்றோலோடு நின்றுவிட, இக்கதிர் உட்டோல் வரை ஊடுருவுவதால் தடித்த படைகளுக்கும் இது பயன்படுகின்றது. கட்டிகளின் ஆழத்தை இதுவும் எட்டுவதில்லை.

5. அளவும் பண்பும்

அளவு மாற்றம் பண்பு மாற்றத்தைத் தோற்றுவிக்கும் என்ற இயக்கவியல் விதிக்கு ஒளிச்சிகிச்சை தக்க எடுத்துக்காட்டு எனலாம். புற்றைக் கட்டுப்படுத்தும் கதிரே மிகுந்தவிடத்துப் புற்றை விளைவிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே இச்சிகிச்சை பெற்ற 1,380 சொரியாசிஸ் நோயாளரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வு, அவர்களிடையே செதிற்கலத் தோற்புற்று மிகுவதை 1979இலேயே சுட்டியது. 1997இற் கருநிறப் புற்றும் மிகுவதாக அறிவித்தது. தூரநோக்குடன் மேற்கொள்ளப்பட்ட இவ்வவதானிப்பே சிகிச்சையின் எல்லையை வரையறுத்தது. 311 நனோமீற்றரை மையமாகக் கொண்ட ஒடுங்கிய பட்டைக் கதிரைத் தரும் விளக்குகள் 1980களில் வழக்கிற்கு வந்தமையும் இத்தொடர்பிலே குறிப்பிடத்தக்கது. இம்முறைக்குக் குளிசை எதுவும் தேவையில்லை. மெல்லிய தேமல் நிலையிலுள்ள நோய்க்கு இன்று பெரிதும் இதுவே பரிந்துரைக்கப்படுகின்றது.

உக்கிரமான சிகிச்சையே சிறந்த சிகிச்சை என்ற பொதுநம்பிக்கையும் இந்நோயிலே தகர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 103 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடல் முழுவதற்குமான இலத்திரன் கதிருடன் பல நச்சு மருந்துகளைத் தொடக்கத்திலேயே அளித்தது. மற்றப் பிரிவினருக்குத் தோலளவிலான மென்மையான சிகிச்சைகளைப் படிப்படியாக அளித்தது. 1989இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவினரிடம் நோய் மறைவது மிகுதியாக இருந்தபோதிலும் அவர்களின் ஆயுள் நீடிக்கவில்லை; துன்பமே கூடியது. தொடக்க நிலை நோய்க்கு ஒளிச்சிகிச்சை முதன்மை பெற்றதற்கு இவ்வாய்வும் ஒரு காரணமாகும்.

குருதியிலும் நோய் பரவியோர்க்கு யேல் பல்கலைக்கழகத்து றிச்சட் எடெல்சனும் பிறரும் வேறொரு வழியை வகுத்தனர். நோயாளரின் குருதியை வெளியே எடுத்து, வெண்கலங்களை வேறாக்கி, சோராலெனுடன் சேர்த்துக் கதிர்பாய்ச்சி மீண்டும் உடலிற் செலுத்தும் முறை அது. 1987இல் வெளியிடப்பட்ட ஆய்விலே, பிற சிகிச்சைகளால் நலம்பெறாத 37 பேரில் 27 பேர் முன்னேற்றம் கண்டனர். கதிர்பட்ட கலங்கள் ஒரு சிறு பகுதியே; ஆயினும் அழியும் அக்கலங்களை இனங்கண்டு உடலின் நிர்ப்பீடனத் தொகுதி ஏனைய நோய்க்கலங்களையும் எதிர்க்கத் தொடங்குகின்றது. 1988இல் இம்முறைக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் பின்னர் எழும் சில சிக்கல்களுக்கும் இன்று இது பயன்படுகின்றது.

6. ஒளியும் சந்தையும்

அண்மைக்கால ஆய்வுகளில் இரண்டினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஹைப்பெரிக்கம் என்ற செடியை மேய்ந்த கால்நடைகளின் தோல் வெயிலிலே புண்ணாவதை மேய்ப்பர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அச்செடியிலுள்ள ஹைப்பெரிசின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாலேயே தூண்டப்படுவது. டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் ஊதாக்கடந்த கதிரின் தேவை இங்கில்லை என்பது இதன் சிறப்பு. செயற்கை முறையில் ஆக்கப்பட்ட ஹைப்பெரிசின் களிம்பை நோய்ப்பகுதியிற் பூசி, ஒளி பாய்ச்சும் ஒப்பீட்டு ஆய்வொன்றில் 169 நோயாளர் பங்குபற்றினர். 2022இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஆறு வாரங்களின் பின்னர் மருந்து பெற்றோரில் 16 வீதத்தினரிடமும் போலிக்களிம்பு பெற்றோரில் 4 வீதத்தினரிடமும் போதிய பயன் காணப்பட்டது. பன்னிரண்டு வாரங்கள் மருந்து பெற்றோரிடையே இது 40 வீதமாக உயர்ந்தது. எனினும் 2023இலே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதற்கான விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு ஏற்க மறுத்தது. மற்றுமொரு ஒப்பீட்டு ஆய்வு வேண்டியதாயிற்று. சான்றினை வலியுறுத்துவது கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கடமை. நோயாளர் தொகை குறைந்தமையால் இலாபமும் குறைவெனப் பெருநிறுவனங்கள் ஒதுங்க, இரண்டாவது ஆய்வின் செலவைச் சிறு நிறுவனமொன்று முதலீட்டாளரிடம் திரட்டிக்கொள்ளவேண்டியிருப்பதே பிரச்சினையாகும்.

மற்றது, ஐக்கிய அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலே ஹிசதாக்க கொபயாசி தலைமையில் உருவான ஒளி நிர்ப்பீடனச் சிகிச்சை. புற்றுக்கலத்தை இனங்காணும் பிறபொருளெதிரியொன்றுடன் சாயமொன்றைப் பிணைத்து, செந்நிறத்தின் எல்லையிலுள்ள ஒளியைப் பாய்ச்சிப் புற்றுக்கலத்தின் மென்சவ்வைக் கிழிக்கும் முறை 2011இல் வெளியிடப்பட்டது. இது தோல் நிணநீர்ப்புற்றிற்கென வகுக்கப்பட்டதன்று. ஆயினும் றாபின் கண்டுபிடிப்பு எவ்வளவு தூரம் வளர்ந்துள்ளது என்பதை இது காட்டுகின்றது. 2020இல், தலை, கழுத்துப் புற்றுக்களுக்கென ஜப்பான் இதனை அங்கீகரித்தபொழுது, உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. மக்கள் வரிப்பணத்தால் நடைபெறும் ஆய்வகத்தில் தோன்றிய அறிவு தனியுடைமையாக மாறும் இப்போக்கு, தனி மனிதரின் நல்லெண்ணத்தையோ தீயெண்ணத்தையோ பொறுத்ததன்று. இன்றைய மருந்து உற்பத்தியின் உறவுகளே அதனை நிர்ணயிக்கின்றன.

அரிய நோய்களுக்கான மருந்தாக்கத்தை ஊக்குவிக்கவென 1983இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமொன்றை இயற்றியது. அம்மருந்துகளை விற்கும் ஏகபோக உரிமை ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. சந்தை தானாகக் கவனியாத நோயாளரைக் கவனிக்கச்செய்ய, சந்தைக்கே மேலும் சலுகை அளிக்கவேண்டியிருந்தது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். சலுகை ஒருபுறமிருக்க, விலை யாது? அந்நாட்டின் மருந்தகங்களிலே தோல் மருந்து விலைகளை ஒப்பிட்ட ஆய்வொன்றின்படி, 2009இல் ஏறத்தாழ 1,200 டொலராக இருந்த ஐம்பது சோராலென் குளிசைகளின் விலை 2015இல் 5,200 டொலரைத் தாண்டியது. தோல் ரி-கலப் புற்றிற்குப் பூசும் பெக்சரோட்டீன் களிம்பின் குழாயொன்று ஏறத்தாழ 1,700 டொலரிலிருந்து 30,000 டொலருக்கு மேல் ஏறியது. இக்காலத்திலே அம்மருந்துகளின் பயன்பாட்டுப் பெறுமதி மாறவில்லை. நைல் நதிக் கரையின் செடியிலே முன்பிருந்த அதே பொருள்தான் அக்குளிசையிலும் இருந்தது.

7. யாருடைய தோல்?

நோயை அறியும் நிலையிலேயே ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகின்றது. பல நாடுகளைச் சேர்ந்த சிகிச்சை நிலையங்கள் இணைந்து நடத்திய ஆய்வொன்று, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை இடைநிலையாக 36 மாதங்கள் கழிவதாகக் கண்டது. கரப்பான், சொரியாசிஸ் என்று தவறாகக் கொள்ளப்பட்டு ஆண்டுகள் செல்கின்றன. கரிய தோலுடையோரின் நிலை மேலும் சிக்கலானது. மருத்துவ நூல்கள் ‘சிவந்த படை’ என வருணிப்பது வெள்ளைத் தோலைக் கொண்டே. கரிய தோலில் அது கபிலமாகவோ ஊதா கலந்த சாம்பல் நிறமாகவோ தோன்றும். அன்றியும், நிறம் வெளிறிய தேமல்களாக இந்நோய் வெளிப்படும் வகை, தெற்காசியர் உட்படக் கரிய தோலுடையோரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. இளைஞரையும் சிறுவரையும் அது பற்றுவதுண்டு. நமது பிரதேசங்களில் அத்தகைய தேமலைக் கண்டதும் தொழுநோய் அல்லது வெண்படை என்ற எண்ணமே முதலில் எழுகின்றது. தொழுநோய்த் தேமலிலே உணர்ச்சி குன்றியிருக்கும், இதில் அவ்வாறில்லை. தோலின் சிறு துண்டை எடுத்து, வேண்டுமாயின் மீண்டும் மீண்டும், நுணுக்குக்காட்டியிற் பரிசோதிப்பதே ஐயத்தைப் போக்கும் வழியாகும். காலத்தில் அறியப்படுமாயின் இவ்வகை ஒளிச்சிகிச்சைக்கு நன்கு இணங்குவதாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலே கறுப்பின மக்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதும், அவர்களிடையே விளைவு மோசமாக இருப்பதும் பதிவாகியுள்ளன. இதனைத் தோலின் நிறத்தினாலேயே விளக்கிவிட முயல்வது, தாமதமாக அறியப்படுதல், சிகிச்சை எட்டாமை முதலிய சமூகக் காரணிகளை மறைப்பதாக முடியும்.

அடுத்தது நேரம் பற்றியது. ஒளிச்சிகிச்சை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, மாதக்கணக்கில் அளிக்கப்படுவது. கதிரின் முன் நிற்கும் நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்களுக்காகப் பயணத்திலும் காத்திருப்பிலும் அரைநாளோ முழுநாளோ கழிகின்றது. நாட்கூலிபெறும் தொழிலாளிக்கும், தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அது வேதனம் இழந்த நாள். அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றி மருத்துவம் பெறும் உரிமை நம் நாட்டு மக்கள் ஈட்டிய பெரும்பேறு; அதனைக் காப்பது நமது கடமை. ஆனால் கட்டணமில்லாச் சிகிச்சையும் தூரத்தாலும் வேதன இழப்பாலும் கட்டணமுடையதாகிவிடலாம் என்பதை நாம் மறந்துவிடுதலாகாது.

கருவி எட்டாத இடங்களில் சோராலெனைக் கொடுத்து வெயிலிலே நிற்கச்செய்யும் முறை, வெண்படை, சொரியாசிஸ் முதலிய நோய்களுக்கு இந்திய உபகண்டத்திற் கையாளப்பட்டு வந்துள்ளது. மருத்துவரின் மேற்பார்வையிலே அதற்கோர் இடம் உண்டு. ஆனால் வெயிலின் செறிவு வேளைக்கு வேளை, மேகத்திற்கு மேகம் மாறுவது. அளவு தவறின் தோல் கொப்பளித்து எரிபுண்ணாகும். கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நிற்போர் படும் துன்பமும் இதுவே. ஏழைக்குச் சூரியனும் செல்வர்க்குக் கருவியும் என்ற பிரிவினையை மரபின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

8

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். சென் லூயி மருத்துவமனையின் வறிய நோயாளர், வட ஆபிரிக்காவின் விதை பொறுக்குவோர், ஹைப்பெரிக்கம் மேய்ந்த மந்தைகளின் மேய்ப்பர்கள், கோப்பன்கேகன் தாதியர், மியூனிச் மாணவர், கெய்ரோ இரசாயனவியலாளர், ஹாவாட், யேல் ஆய்வாளர் ஆகிய அனைவரின் உழைப்பும் அறிவும் இச்சிகிச்சையில் உறைந்து கிடக்கின்றன. தமது உடலை ஆய்வுக்கு ஒப்படைத்த நோயாளரும் இதில் அடங்குவர். உற்பத்தியிலே இவ்வளவு தூரம் சமூகமயமான ஓர் அறிவு, உடைமையிலும் விநியோகத்திலும் தனியார்மயமாக இருப்பதே இத்துறையின் அடிப்படை முரண்பாடாகும். நோய் அரியதாக இருப்பதால் இம்முரண்பாடு இங்குக் கூர்மையாகத் தெரிகின்றது. பரவலான நோய்களிலும் இதுவே செயற்படுகின்றது.

இம்முரண்பாட்டைச் சுட்டுவதுடன் ஆய்வாளரின் பணி முடிந்துவிடுவதில்லை. கரிய தோலிலே இந்நோய் எவ்வாறு தோன்றும் என்பதை நமது மருத்துவ மாணவர் நமது நோயாளரின் படங்களைக் கொண்டு கற்றல் வேண்டும். மாறாத தேமலைத் தொழுநோயென அஞ்சி மறைக்காது பரிசோதனைக்கு வருமாறு மக்களுக்கு அவர்தம் மொழியில் அறிவூட்டுதல் வேண்டும். ஒடுங்கிய பட்டைக் கதிர்க் கருவி தலைநகரோடு நின்றுவிடாது மாகாண வைத்தியசாலைகளிலும் இடம்பெறல் வேண்டும். வேலைநேரம் கழிந்த பின்னரும் அது இயங்குதல் வேண்டும். இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. குளிசையின்றி விளக்கொன்றினாலேயே அளிக்கத்தக்க சிகிச்சை உண்டு என்பதையும், அது தொடக்க நிலையிற் போதுமானதாக அமைவதையும் மேலே கண்டோம். ஒளியை அளவிடக் கற்றுக்கொண்ட மனித சமுதாயம், அதனைப் பங்கிடவும் கற்றுக்கொள்ளல் வேண்டும். அதற்கான கோரிக்கையை எழுப்பும் பொறுப்பு மருத்துவரோடு நம் எல்லோரையும் சார்ந்தது.